துபாய்க்கு ரெண்டரை மணிக்கூறு

நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இப்போது இந்த வியாதி உண்டு. பிள்ளை எங்கோ வானத்தில் பறந்துகொண்டிருப்பான், நாம் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு, அதில் கடல்மேல் ஊர்ந்துபோகும் ஒரு குட்டி விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எவ்வளவு தூரம் போயாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி, இறங்க எத்தனை நேரம் என்று எல்லாம் சொல்லிவிடும். போன மாதம் என் மகன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியபோது நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் விமானம் மாறும் ஊர் துபாய். திருவனந்தபுரம் முதல் துபாய் வரை நாலு மணி நேரம் என்று போன் காட்டியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் ரெண்டரை மணி நேரம்தான் என்று எங்கள் வீடு ஒரு வருஷம் முழுக்க சத்தியமாக நம்பியிருந்தது.

அப்போது நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சிஸ்டர்தான். காலையில் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைச் சேலையில் போவாள். அந்தச் சேலையின் மொரமொரப்பும், சாயங்காலம் திரும்பும்போது அதில் ஒட்டிக்கொண்டு வரும் ஆஸ்பத்திரி நெடியும்தான் எனக்கு அம்மா. தலையில் குத்தும் வெள்ளைத் தொப்பியை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருப்பாள். அந்தத் தொப்பியும் இல்லை, டப்பாவும் இல்லை. எந்த வீடு மாற்றத்தில் போனதோ.

அப்பாவுக்கு ஒரு சின்னக் கடை. சாந்தமான மனுஷன். எதைக் கேட்டாலும், “அண்ணன் என்ன சொல்லுதாவ?” என்பார். அந்த அண்ணன்தான் என் பெரியப்பா, அம்மா அவரை அத்தான் என்பாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், படிப்பு, நிலம் எல்லாம் அவர் சொல்படி.

பெரியப்பா பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று குறித்து, விசில் ஊதி அனுப்பி வைக்கும் வேலை. நாகர்கோவில், குழித்துறை, திருவனந்தபுரம் வண்டிகள் எல்லாம் அவர் விசிலுக்குக் காத்து நிற்கும். கிலோமீட்டர், மைல் எல்லாம் அவர் வாயில் வராது. உலகத்தில் எந்த ஊரானாலும் அவருக்கு அது இத்தனை மணிக்கூறு. “குழித்துறை அரை மணிக்கூறு. திருநெல்வேலி மூணு. மெட்ராஸ் ராப்பகல் ஒண்ணு” என்பார்.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அவர் ஒரு எல்லை வைத்திருந்தார். மூன்று மணிக்கூறு. படிப்பானாலும் வேலையானாலும் கட்டிக் கொடுப்பதானாலும் திருநெல்வேலியோடு நின்றுகொள்ள வேண்டும். அது வெறும் அதிகாரம் இல்லை. அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே தங்கை. என் அத்தை. நான் பார்த்ததில்லை. அவளை மெட்ராஸில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவத்தில் இறந்துபோனாள். தந்தி வந்து, பஸ் பிடித்து, அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் மண் போட்டு மூடியாயிற்று. முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பெரியப்பா வைத்ததுதான் இந்த மூன்று மணிக்கூறு.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு நாள் அம்மாவுக்குத் துபாயில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியில் நேர்முகத் தேர்வு நடத்த வந்தவர்கள் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் கல்ஃபுக்குப் போவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. பெண், அதுவும் பிள்ளை பெற்றவள், புருஷனையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போவதா என்று சர்ச் வாசலில் பேச்சு. பெரியப்பா நடையேறி வந்து ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

“வேண்டாம் பிள்ள. கடலு தாண்டி எத்தன மணிக்கூறுன்னு யாருக்குத் தெரியும்?”

 அன்று சாயங்காலம் அம்மா கிழங்கு நறுக்கிக்கொண்டே அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “வீட்டு செலவுக்காவ மட்டும் இல்ல. எனக்குப் போவணும்னு ஆச இருக்கு. அங்க பெரிய ஆஸ்பத்திரி. எனக்க கை எவ்வளவு ஓடும்னு எனக்கே ஒருக்கா பாக்கணும்.” அப்பா வழக்கம்போல, “அண்ணன் சொல்லுதாவளே” என்றார். ஒரு பெண் தனக்கு ஆசை என்று வாய்விட்டுச் சொன்னதை நான் முதலில் கேட்டது அன்றுதான். பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்லலாம். அப்போது போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா வேண்டாம் என்றால் என்ன, அங்கே துபாய் ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசா வந்தது, பின்னாலேயே டிக்கெட்டும் வந்தது. செய்தி பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும், அதைத் திருப்பி அனுப்பச் சொல்லவே பெரியப்பா காக்கிச் சட்டையோடு வந்தார். விசில் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“காட்டு” என்றார். அம்மா டிக்கெட்டைக் கொடுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வண்டியின் டிரிப் சீட்டைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் கிளம்புவது காலை ஒன்பது. துபாயில் இறங்குவது பதினொன்றரை. அவர் புருவம் மேலே போயிற்று. இன்னொரு தடவை பார்த்தார்.

“ஏலே” என்று அப்பாவைக் கூப்பிட்டார். “ரெண்டரை மணிக்கூறுதாம்லே. நம்ம திருநெல்வேலி வண்டி இதுக்கும் மேல எடுக்கும். வள்ளியூர்ல டீக்கு வேற நிறுத்துவான்.”

அப்பா எட்டிப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவேயில்லை.

“இஞ்சேரு பிள்ள. மூணுக்கு உள்ள நிக்குது. நான் சொன்ன சொல்லு சொல்லுதான். போயிட்டு வா.”

இவ்வளவுதான் நடந்தது. முப்பது வருஷமாக வண்டிக்கு நேரம் குறித்தவர். வந்த நேரத்திலிருந்து போன நேரத்தைக் கழித்தால் ஓடிய நேரம். தக்கலைக்கும் திருநெல்வேலிக்கும் ஒரே கடிகாரம், அதனால் அந்தக் கணக்கு ஒரு நாளும் அவரை ஏமாற்றியதில்லை. துபாய்க்காரன் கடிகாரம் நம்முடையதற்கு ஒன்றரை மணி நேரம் பிந்தி ஓடுகிறது என்று அவருக்கு யார் சொல்வது? ஒன்றரையைச் சேர்த்தால் நாலு. நாலு என்றால் அம்மா வாசல்படி தாண்டியிருக்க மாட்டாள்.

அதன்பிறகு ஊரில் எங்கள் மதிப்பைப் பார்க்க வேண்டுமே. “துபாயி திருநெல்வேலிக்க முன்னால இருக்கு” என்று பெரியப்பா பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொன்னார். கண்டக்டர்மார், டீக்கடைக்காரர், பூ விற்கும் அக்கா எல்லாரும் நம்பினார்கள். டைம்கீப்பர் சொன்னால் யார் மறுப்பது? நான் பள்ளிக்கூடத்தில் அளந்ததற்குக் குறைவில்லை. ஆனால் வகுப்பில் தொங்கிய மேப்பில் விரல் வைத்துப் பார்த்தபோது திருநெல்வேலி நகக்கண் தூரத்தில் இருந்தது, துபாய்க்கு ஒரு சாண் போக வேண்டியிருந்தது. நடுவில் அத்தனையும் நீலம். வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் கேட்டேன்.

“மேப்பு போட்டவன் வண்டி ஓட்டினவனா மக்கா? அவன் இருந்த எடத்துல இருந்து வரைஞ்சது” என்றார்.

அம்மா அந்தப் பக்கம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் நான் மேப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மா கிளம்பிய அன்று ஒரு அம்பாசிடரில் நாங்கள் நெருக்கியடித்துப் போனோம். சர்ச்சில் ஜெபம் பண்ணி அனுப்பினார்கள். ஏர்போர்ட்டில் அம்மா என் தலையைத் தடவி, “படி. அப்பாவ பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. திரும்பி வரும்போது களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் காரை நிறுத்தச் சொன்னார் பெரியப்பா. வாட்ச்சைப் பார்த்தார். “பதினொண்ணரை. எறங்கியிருப்பா. எல்லாரும் டீ குடியுங்க” என்றார். நிம்மதியாகக் குடித்தோம். அம்மா அப்போது நடுக்கடலுக்கு மேலே இருந்திருக்கிறாள்.

அந்த வருஷம் அப்பாவும் நானும் கிழங்கு அவித்து, கருவாடு சுட்டு, ஒருவர் சமையலை மற்றவர் பொறுத்துக்கொண்டு வாழ்ந்தோம். நீலக் கடுதாசியில் அம்மா எழுதுவாள். பிரசவ வார்டில் போட்டிருக்கிறார்கள், எங்கே பார்த்தாலும் மணல், வெயில் நம்மூர் வெயில் இல்லை, இங்கே மீன் உண்டு, தேங்காய்க்குத்தான் பஞ்சம் என்றெல்லாம். தூரத்தைப் பற்றி ஒரு வரிகூட இராது. டிசம்பரில் ஒரு கடுதாசி வந்தது. கிறிஸ்மஸுக்கு லீவு, இன்ன தேதி காலை பத்து மணிக்கு இங்கிருந்து விமானம். பெரியப்பா விரலை மடக்கினார். “பன்னெண்டரைக்கு திருவனந்தபுரத்துல வண்டி வந்திரும்.”

அவரும் அப்பாவும் நானும் பன்னிரண்டுக்கே ஏர்போர்ட்டில் நின்றோம். நான் புதுப் பாவாடை. பெரியப்பா லீவு போட்டுவிட்டு வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று. எந்த விமானமும் வரவில்லை. பெரியப்பா போய் அங்கிருந்த ஆளிடம் கேட்டுவிட்டு வந்தார். முகம் மாறியிருந்தது.

“என்ன அண்ணே?” என்றார் அப்பா.

“மூணரைக்கு வருமாம்.”

“லேட்டா?”

“லேட்டு இல்லியாம். கரெக்ட் டைம்தானாம்.” தொண்டையைச் செருமினார். “லேய், முப்பது வருசமா நான் சொல்லாத பொய்யா? வண்டி ஆரல்வாய்மொழியில ஆக்சில் ஒடிஞ்சு கெடக்கும். நான் ஆளுவ கிட்ட, வந்துகிட்டே இருக்கு, இப்ப வந்திரும்னு சொல்லுவேன். இவனும் எனக்க கிட்ட அதேதான் சொல்லுதான்.”

 பெரியப்பா தூணோரம் போய் நின்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். “பஸ்ஸு நின்னா ரோட்டோரத்துல நிக்கும். இது எங்க நிக்கும்?”

அதற்குப் பிறகு அவர் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. வேட்டி நுனியைக் கையில் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரையே விசிலில் ஆட்டி வைக்கிற மனுஷன், எல்லாரும் செருப்போடு மிதிக்கிற இடத்தில் உட்கார்ந்து, தன் செத்துப்போன தங்கையின் செல்லப் பெயரைச் சொல்லி முனகினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேப்பில் பார்த்த நீலம்தான் கண்ணுக்குள் நின்றது.

மூன்றரைக்கு விமானம் வந்தது. அம்மா வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. கருநீலச் சேலை, கையில் புது வாட்ச், தோளில் பை. கொஞ்சம் கறுத்திருந்தாள், நடையில் முன்பில்லாத ஒரு நிமிர்வு இருந்தது. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். சேலையில் வேறு ஏதோ சென்ட் வாசனை, அதற்கடியில் பழைய ஆஸ்பத்திரி நெடி. அது என் அம்மாதான்.

பெரியப்பா கிட்டே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார். கண் சிவந்திருந்தது. அவர் தொழில் புத்தி போகுமா? பார்வை நேரே அவள் மணிக்கட்டில் விழுந்தது.

“வாட்ச்சு நின்னு போச்சா பிள்ள? மணி நாலரை. இதுல மூணு காட்டுது.”

“நிக்கல்ல அத்தான். இது அங்கத்த நேரம். மாத்தல்ல.”

பெரியப்பா தன் வாட்ச்சைப் பார்த்தார். மறுபடி அவள் வாட்ச்சைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது. டைம்கீப்பருக்கு அந்தக் கணக்குக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

காரில் ஊருக்குத் திரும்பினோம். குழித்துறைப் பாலத்தில் ஏறும்போது அவர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார். “நாலு மணிக்கூறு.”

“ஆமா அத்தான்.”

“ஒனக்கு அன்னைக்கே தெரியும்.”

“தெரியும். எங்க கூட படிச்சவ ஒருத்தி அங்க இருக்கா. அவ எழுதியிருந்தா.”

இவ்வளவு நேராகச் சொல்லுவாள் என்று அப்பாகூட எதிர்பார்க்கவில்லை.  அந்தக் கிறிஸ்மஸ் எங்களுக்குக் கிறிஸ்மஸாக இல்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அண்டாவில் கிடந்தன, பெரியப்பா வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அம்மா கொண்டுவந்த டேப்ரெகார்டரைப் பார்க்க ஊரே வந்தது, அவர் வரவில்லை. லீவு முடிய நாலைந்து நாள் இருந்தது. திரும்பிப் போக விடுவாரா மாட்டாரா என்பதே வீட்டில் மூச்சுக்கு மூச்சு பேச்சு. “அண்ணன் வேண்டாம்னு சொன்னா?” என்று அப்பா இழுத்தார். அம்மா பெட்டியை மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் அவரே வந்தார். அம்மா அடுக்களையில் மீன்கறி இறக்கிக்கொண்டிருந்தாள். அவர் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“என்ன எதுக்கு ஏமாத்தின?”

“ஏமாத்தல்ல. நீங்களா மணி கழிச்சுப் பாத்திய. நான் பேசாம இருந்தேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான். எனக்க தங்கச்சிய தூரத்துல அனுப்பித்தான் கொன்னேன். ஒனக்குத் தெரியாதா?”

அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சத்தம் உயரவில்லை. வார்டில் நோயாளியிடம் பேசுகிற குரல் அது.

“தூரத்துல இருந்ததுனால அவ சாகல்ல அத்தான். நீங்க அடுத்த முறியில, செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் செத்திருப்பா. ரத்தம் போவுதப்ப என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஒருத்தி அந்த முறியில இல்ல. அதனால செத்தா.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் அந்த ஒருத்தி. அங்க எனக்க வார்டுக்கு வருததும் எங்கெங்கயோ இருந்து கெட்டிக் கொண்டுவந்த பிள்ளைகதான். அவளுவளுக்கும் அண்ணன்மாரு ஏதோ ஒரு ஊருல இருந்து மணிக்கூறு எண்ணுதாவ. அவிய போய்ச் சேர முடியாது. நான் பக்கத்துல நிக்கேன்.”

 பெரியப்பா மீன்சட்டியைப் பார்த்தார். பிறகு, “ஒரு பிளேட்டு தா” என்றார். கீழே உட்கார்ந்து, கிழங்கும் மீன்கறியும் தின்றார். போகும்போது போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவர் மனதில் என்ன என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நான் அன்று நினைத்தேன். சம்மதம் இல்லாத ஆள் சாப்பிட்டுவிட்டா போவான் என்று இப்போது தோன்றுகிறது.

கிளம்ப வேண்டிய காலையில் வாசலில் கார் வந்து நின்றது. முன் சீட்டில் பெரியப்பா. இறங்கி வந்து அம்மாவின் பெட்டியை அவரே தூக்கினார். அப்பா வாங்கப் போனபோது, “விடுலே” என்றார்.

ஒன்பது மணிக்கு விமானம் மேலே ஏறிக் கடல் பக்கம் திரும்பி, புள்ளியாகி மறைந்தது. வழியனுப்ப வந்த கூட்டமெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்தது. கார்க்காரர் வந்து தலையைச் சொறிந்தார். பெரியப்பா தூணோரம் இருந்த பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, போவலாமா?” என்றார் அப்பா.

“கடைசி வண்டி ஷெட்டுல ஏறாம டைம்கீப்பர் வீட்டுக்குப் போவ மாட்டான். நாலு மணிக்கூறு ஆவட்டு.”

அப்படியே இருந்தார். நாங்களும் இருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தபோது குடிக்கவில்லை. அவ்வப்போது வாட்ச்சைப் பார்ப்பார், பிறகு கடல் இருக்கும் திசையைப் பார்ப்பார். நான் அப்பா மடியில் தூங்கி விழித்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார். அம்மா அங்கே வேலை செய்த அத்தனை வருஷமும், அவர் ரிட்டயர் ஆகிக் கால் வீங்கி நடக்கச் சிரமப்பட்ட காலத்திலும், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் உட்கார்ந்தார்.

அன்று மணி ஒன்று ஆனதும் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார். பக்கத்தில் யாரையோ எதிர்பார்த்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத மனுஷன். பெரியப்பா அவரிடம் குனிந்து, பஸ் ஸ்டாண்டில் வண்டி அறிவிக்கும் அதே குரலில் சொன்னார்.

“எனக்க தம்பிக்க பெஞ்சாதி. நர்சு. நாலு மணிக்கூறு தூரம், ஒத்தைக்குப் போயிருக்கா. இப்ப எறங்கிட்டா.”